குண்டாற்று நண்டு விளையாட்டுக் கழகம்

தான் வணிக நோக்கில் நண்டு பிடிக்கிறவன் என்பது தீபாவளி கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ராக்கப்பனுக்குத் தெரிந்தது. அதுவரை நண்டு பிடிக்கிறோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான்.

காரியாபட்டிப் பக்கம் குண்டாற்றங்கரையில் அவன் ஊர். ஐப்பசி மழைக்கு ஆற்றில் தண்ணீர் வரும். தை பிறந்ததும் போய்விடும். மற்ற மாதங்களில் அதை ஆறு என்று அரசாங்க வரைபடம் மட்டும் சொல்லும். தண்ணீர் ஓடும் காலத்தில் ராக்கப்பனின் மானாவாரிக் காட்டில் கம்பு பச்சையாக நிற்கும். வீட்டுக் குலுக்கையில் வழித்தாலும் தானியம் இருக்காது. கம்பு அறுப்புக்கு வரும்வரை அவனையும் பெண்டாட்டி வெள்ளைத்தாயையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஆறுதான் பார்த்துக்கொள்ளும். கரையோர வளைகளில் கையை விட்டு நண்டு எடுப்பான். கொடுக்கை ஓலைநாரால் கட்டிப் பெட்டியில் போடுவான். வெள்ளைத்தாய் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுச் சோளமோ அரிசியோ வாங்கி வருவாள். மழைக்காலத்தில் ஊருக்கெல்லாம் சளி பிடிக்கும். சளி பிடித்தவர்களுக்கு நண்டு ரசம் வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

அந்த ஞாயிறு அவன் வளைக்குள் தோள்வரை கையை விட்டு ஒருக்களித்துக் கிடந்தான். கரையில் இரண்டு பிளசர் கார்கள் வந்து நின்றன. முதலில் நாற்காலிகள் இறங்கின. பிறகு ஒரு பெரிய குடை. பிறகு ஜமக்காளம், பிளாஸ்க், டிரான்சிஸ்டர். எல்லாம் இறங்கிய பிறகு மனிதர்கள் இறங்கினார்கள். சட்டையில் நண்டுப் படம் போட்ட பேட்ஜ் குத்திய ஒருவர் தண்ணீர் ஓரம்வரை வந்தார்.

“என்னப்பா செய்யுத?”

“நண்டு புடிக்கேன் மொதலாளி.”

“எதுக்கு?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கையை வளையிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தான்.

“விக்கத்தான்.”

பேட்ஜ்காரர் திரும்பிக் குடையை நோக்கிச் சத்தம் போட்டார்: “அண்ணாச்சி, இது வணிகம்!”

குடைக்கடியில் இருந்தவர் சிவகாசிப் பட்டாசு முதலாளி சீனிவாசகம். ஆர்டர் பிடிக்கக் கல்கத்தாவுக்குப் போனவர் அங்கே ஒரு ஏரிக்கரையில் பெரிய மனிதர்கள் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். எதற்கு என்று விசாரித்தார். சும்மா என்றார்கள். சும்மா இருப்பதற்கு இவ்வளவு ஏற்பாடு உண்டா என்று அவருக்கு வியப்பாகப் போய்விட்டது. தீபாவளி சீசன் முடிந்தால் அவருக்கும் சும்மா இருக்கும் வேலைதான். அதை முறைப்படி செய்ய வேண்டும் என்று முடிவெடுத்துத் திரும்பினார்.

குண்டாற்றில் தூண்டில் போட்டுப் பார்த்தார்கள். மீன் வரவில்லை. தூண்டில் இரையைப் பிடித்துக்கொண்டு நண்டுகள்தான் தொங்கின. மீன் பிடிப்பது சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று பொதுக்குழு தீர்மானம் போட்டது. நண்டு விளையாட்டுக் கழகம் பிறந்தது. சீனிவாசகம் தலைவர். அச்சாபீஸ் முதலாளி ஜெயச்சந்திரன் செயலாளர், பேட்ஜ்காரர் அவர்தான். காலண்டர் ஆர்டர் இல்லாத நாட்களில் மிஷின் சும்மா கிடக்கக் கூடாது என்று கழகத்துக்கு விதிப் புத்தகம் அடித்தார். மேலட்டையில் காலண்டருக்குப் போட்டு மிஞ்சிய லட்சுமி. காலடியில் மட்டும் ஒரு நண்டைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். லட்சுமிக்குக் கீழே அச்சான எதுவும் சட்டம் என்று உறுப்பினர்கள் நம்பினார்கள். போகப் போக மற்றவர்களும் நம்பினார்கள்.

ஞாயிறுதோறும் வேட்டை ஆரம்பிக்கும் முன் தலைவரின் கம்பெனித் தயாரிப்பில் பெரியதாக ஒரு வெடி வைப்பார்கள். எந்த நல்ல காரியத்தையும் வெடி போடாமல் தொடங்குவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. சத்தம் கேட்டதும் ஆற்றிலிருந்த நண்டெல்லாம் வளைக்குள் போய்விடும். உறுப்பினர்கள் ஆட்டுக் கொழுப்பைக் கயிற்றில் கட்டிப் போட்டுவிட்டுச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நண்டும் வராது. இப்படிச் சில ஞாயிறுகள் போயின. வணிக நண்டுபிடிப்பினால் குண்டாற்றில் நண்டு இனமே அழிந்துவருகிறது என்று கழகம் மேலிடத்துக்கு மனு அனுப்பியது.

மேலிடம் ஒரு தனி அலுவலரை நியமித்தது. அவர் பெயர் லட்சுமிகாந்தம். விசாரணையை ஆற்றங்கரையிலேயே வைத்தார். கழகத்தின் குடைக்கடியில், கழகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, கழகத்தின் காப்பியைக் குடித்துவிட்டு, “நான் யார் பக்கமும் சாயாதவன்” என்று ஆரம்பித்தார்.

“விஷயம் எளிது. வயிற்றுக்காகப் பிடிக்கிறவன் ஓயாமல் பிடித்துக்கொண்டே இருப்பான். வயிறு அப்படி. பொழுதுபோக்காகப் பிடிக்கிறவர் பெரும்பாலும் ஒன்றும் பிடிப்பதில்லை. ஆற்றுக்கு யார் நல்லவர்? நான் சொல்லவில்லை. நண்டைக் கேளுங்கள்.”

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். ராக்கப்பன் எதிரே மண்ணில் நின்றான். அவன் பெட்டியில் கிடந்த நண்டுகளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

“அய்யா, நானும் சந்தோசமாத்தான் புடிக்கேன்” என்றான்.

அலுவலர் நிமிர்ந்தார். “சந்தோஷமாகவா? அப்படியானால் அது பொழுதுபோக்கு ஆகிவிடுமே. நிரூபிக்க வேண்டும்.”

நிரூபணம் அங்கேயே நடந்தது. ராக்கப்பன் ஒரு வளையில் கையை விட்டான். எல்லோரும் சுற்றி நின்று முகத்தைப் பார்த்ததில் கை கொஞ்சம் பிசகியது. நண்டு நடுவிரலைக் கவ்வியது. “யாத்தே!” என்றான். அலுவலர் எழுதிக்கொண்டார்: முகத்தில் மகிழ்ச்சி காணப்படவில்லை.

நடுநிலைமைக்காகத் தலைவரையும் சோதித்தார்கள். ராக்கப்பனின் பெட்டியிலிருந்தே கட்டாத நண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். அது மோதிர விரலைப் பிடித்தது. தலைவர் ஒற்றைக் காலில் குதித்தார். நண்டின் தாயாரைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொன்னார். அலுவலர் எழுதிக்கொண்டார்: மிகுந்த உற்சாகம்.

“அவுக மூஞ்சியே அப்பிடித்தாங்க அய்யா” என்றாள் வெள்ளைத்தாய். “தாலி கட்டும்போதும் இப்பிடித்தான் இருந்தாக. அதுவும் யாவாரமா?”

“குடும்ப விவகாரம் இங்கே வேண்டாம்” என்றார் அலுவலர்.

பாலத்திலிருந்து தடுப்பணைவரை விளையாட்டு நீர் என்று உத்தரவானது. அங்கே வணிகருக்கு இடமில்லை. மற்றப் பகுதிகளில் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம். மற்றப் பகுதிகளில் தண்ணீர் வடிந்து மணல்தான் இருந்தது. காவலுக்குச் சங்கிலிமுத்து என்பவனை வைத்தார்கள். அவன் ராக்கப்பனுக்கு மச்சான் முறை. காக்கிச் சட்டை கொடுத்தார்கள். தொளதொளவென்று இருந்தாலும் கழற்ற மனம் வராமல் போட்டுக்கொண்டு திரிந்தான்.

வீட்டில் சோளக்கூழ் நாளுக்கு நாள் தண்ணீரானது. காட்டில் கம்பு இன்னும் கதிருக்குப் பூட்டைகூட வாங்கவில்லை. சின்னவள் தட்டை நக்கிவிட்டு அம்மா முகத்தைப் பார்ப்பாள். ராக்கப்பன் கரையில் உட்கார்ந்து எதிரே தெரிந்த வளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். பார்ப்பதற்குத் தடை இல்லை என்று சங்கிலிமுத்து உறுதியாகச் சொல்லியிருந்தான்.

ஒரு நாள் ஜெயச்சந்திரனின் கார் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது.

“ராக்கப்பா, வாரக் கடைசியிலே கழகத்துக்கு ஆண்டுப் போட்டி. அலுவலர் தலைமை தாங்குதாரு. யுத்த நிதி வசூல் வேற. ஆத்துல நண்டு ஒண்ணும் கண்ணுல படல. நீ பாத்து ஒரு சாக்கு நண்டு நன்கொடையாக் குடு.”

“தடை இருக்கே மொதலாளி.”

“அது தொழிலுக்கு. இது சேவை.”

ராக்கப்பன் வெள்ளைத்தாயைப் பார்த்தான். அவள் கண்ணைக் காட்டினாள்.

“என்னையும் அந்தப் பொழுதுபோக்குல சேத்துவிடுதீகளா?”

“போட்டி நல்லபடியா முடியட்டும், சேத்துருவோம். ஆனா ஒண்ணு, கொடுக்கு கட்டினது கட்டினபடியே இருக்கட்டும். நம்ம ஆளுக விரலெல்லாம் செக்குல கையெழுத்துப் போடுத விரலு.”

போட்டி நாளன்று ராக்கப்பன் கட்டிக் கொடுத்த நண்டுகளைக் கரையோரம் கணுக்கால் தண்ணீரில் கொட்டிவைத்தார்கள். வெடி போட்டார்கள். கொடுக்கு கட்டிய நண்டு கயிற்றைப் பிடிக்குமா? பிடிக்கவில்லை. உறுப்பினர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக் கையாலேயே பொறுக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. தலைவர் நிற்கும் இடத்தில்தான் சாக்கை அவிழ்த்திருந்தார்கள். அவருக்கே முதல் பரிசு. பரிசைத் தலைவர் கையால் வழங்குவது மரபு. சீனிவாசகம் வெள்ளிக் கோப்பையை வலது கையால் வழங்கி இடது கையால் பெற்றுக்கொண்டார். யுத்த நிதிக்கு வசூலானதில் கோப்பைச் செலவு போக மீதி அனுப்பப்படும் என்று அறிவித்தார்கள். அது பெரிய கோப்பை.

அலுவலர் பேசினார்.

“நான் எத்தனையோ ஆறுகளைப் பார்த்தவன். கை கட்டி நிற்கும் நண்டை இங்கேதான் பார்க்கிறேன். வணிகர் தொல்லை நீங்கிய சில நாட்களிலேயே நண்டுக்கு ஒரு பண்பு வந்திருக்கிறது என்றால் நிர்வாகம் என்பது எத்தனை வலிமையானது! எல்லையில் யுத்தம் நடக்கிறது. இந்த நேரத்தில் அரிசி எங்கே, வேலை எங்கே என்று சிலர் கொடுக்கைத் தூக்குகிறார்கள். நண்டு தூக்கவில்லை. நான்கறிவுள்ள நண்டுக்குத் தெரிவது ஆறறிவுள்ள ஜனங்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.”

தலைவர் சுருக்கமாகப் பேசினார். “எனக்குப் பட்டாசு தொழில். நண்டு ஓய்வு. ரெண்டையும் கலக்கக் கூடாது. ஓய்வு இருக்கிறவன் கையிலேதான் ஆறு இருக்கணும். உழைக்கிறவனுக்கு ஆத்தைப் பாக்க நேரம் ஏது?”

கூட்டத்தின் கடைசியில் நின்ற ராக்கப்பனுக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. அவனுக்கு இப்போது ஆற்றைப் பார்க்க நிறைய நேரம் இருந்தது.

சொன்ன சொல்லைக் கழகம் காப்பாற்றியது. ராக்கப்பன் கௌரவப் பொழுதுபோக்காளன் ஆனான். சங்கிலிமுத்து உத்தரவோடு வந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சொல்லத் தொடங்கினான்.

“மச்சான், இனிமே நீ நண்டு புடிக்கலாம்.”

“சந்தோசம்.”

“விக்கக் கூடாது.”

“சரி. வீட்டுக்குக் கொண்டு போறேன்.”

“ஆத்தைவிட்டு வெளிய கொண்டு போகக் கூடாது.”

“பெறகு புடிச்சு என்ன செய்ய?”

“விட்ரணும்.”

“விட்டு?”

“திரும்பப் புடிக்கலாம். எம்புட்டு நேரம் வேணும்னாலும் புடிக்கலாம் மச்சான், அதுக்குக் கணக்கே கிடையாது.”

அடுப்படியிலிருந்து வெள்ளைத்தாய் வெளியே வந்தாள். “ஏண்ணே, ஆத்துக்குள்ள வச்சுத் திங்கலாமா?”

சங்கிலிமுத்து யோசித்தான். விதிப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. கழகத்தார் ஞாயிறுதோறும் ஆற்றுக்குள் ஜமக்காளம் விரித்துப் பிரியாணி சாப்பிடுவதை அவனே பார்த்திருக்கிறான். அதற்குப் பெயர் பிக்னிக் என்று டிரைவர் சொன்னான்.

“திங்கலாம் போலத்தான் இருக்கு” என்றான்.

மறுநாள் வெள்ளைத்தாய் பானை, அம்மி, மிளகு, பூண்டு எல்லாவற்றையும் ஆற்று நடுவே மணல் திட்டுக்குக் கொண்டுபோனாள். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். ராக்கப்பன் பிடித்துக் கொடுத்தான். குழம்பு ஒரு சட்டி, ரசம் ஒரு சட்டி. பிள்ளைகள் ஓட்டை உடைத்து உறிஞ்சின. வாசனை ஊருக்குள் போனது. சளி பிடித்தவர்கள் எல்லோரும் பிக்னிக்குக்கு வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி மடியில் சோளம் கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துபோனாள். இன்னொருத்தி கேப்பையை மறந்தாள். யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. சங்கிலிமுத்து இரண்டு கிண்ணம் ரசம் குடித்துவிட்டு எல்லாம் விதிப்படி நடக்கிறது என்று ஏப்பம் விட்டான். குலுக்கையில் தானியம் விழுந்து அடிப்பக்கம் மறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை கார்கள் வந்தன. அலுவலரும் வந்திருந்தார், அவருக்கும் ஜலதோஷம். வெடி போட்டார்கள். கயிறு போட்டார்கள். உட்கார்ந்தார்கள். மத்தியானம் காற்று திரும்பியது. தலைவர் மூக்கை உயர்த்தினார். எழுந்தார். அலுவலரும் எழுந்தார். செயலாளர் பின்னால் வந்தார். மூவரும் மணல் திட்டுக்கு வந்து சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாப்பிடும் இடத்துக்கு ஒரு ஆள் வந்து நின்றால், அவன் எதிரியாகவே இருந்தாலும், அந்த ஊரில் ஒரு வார்த்தை உண்டு. அதைச் சொல்லாமல் அடுத்த கவளம் இறங்காது.

“வாங்க மொதலாளி, சாப்புடுங்க. அய்யா, நீங்களும் வாங்க” என்றான் ராக்கப்பன்.

உட்கார்ந்தார்கள். வெள்ளைத்தாய் இலை போட்டாள். தலைவர் மூன்று முறை குழம்பு வாங்கினார். கொடுக்கைக் கடித்து உறிஞ்சும்போது கண்ணை மூடிக்கொண்டார். ரசம் குடித்த அலுவலருக்கு மூக்கு திறந்து கண்ணில் நீர் வந்தது. பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த நண்டும் தீர்ந்தது. எழுந்து ஆற்றிலேயே கை கழுவிவிட்டு, தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வெள்ளைத்தாயிடம் நீட்டினார்.

“அய்யோ வேணாம் மொதலாளி. சோத்துக்கா காசு?”

“வச்சுக்கோ தாயி. ஓசியிலே சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லே.”

அவள் வாங்கவில்லை. நோட்டை அம்மிக்குழவிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். காரில் ஏறும்வரை தன் தாராள குணத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்.

அந்த வாரமே மறு விசாரணை வந்தது. விளையாட்டு நீரில் வணிகம் மீண்டும் தலைதூக்கிவிட்டது என்று செயலாளர் புகார். முதல் சாட்சி தலைவர்.

“நானே என் கையாலே காசு கொடுத்தேன்” என்றார். சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார்.

இரண்டாம் சாட்சி அலுவலர். விசாரிப்பவரும் அவரே. “தாங்கள் அந்த உணவை உண்டீர்களா?” என்று தன் கைப்பட எழுதி, “உண்டேன். காரம் சற்றுக் கூடுதல்” என்று பதிலையும் எழுதிக்கொண்டார். இரண்டு சாட்சியமும் ஒத்துப்போனதில் அவருக்குத் திருப்தி.

வெள்ளைத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “நாங்க விக்கலீங்க. சரி, வித்ததாவே இருக்கட்டும். வித்தது குத்தம்னா வாங்குனது?”

அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளினார். முகம் தெளிந்தது.

“வாங்குவது பொழுதுபோக்கு.”

ராக்கப்பனின் கௌரவம் பறிக்கப்பட்டது. இனி அவனும் குடும்பமும் விளையாட்டு நீரில் காலை நனைக்கக் கூடாது. உத்தரவை எழுதி முடித்த பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

“ஏலே ராக்கப்பா, நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லே. ஒரு வழி சொல்லுதேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வா. கழகத்துக்கு நண்டு புடி. உன் வீட்டுக்காரி ஆக்கிப் போடட்டும். கூலி தாரேன். மிச்சம் மீதி இருந்தா உங்க புள்ளைக திங்கட்டும். மத்த நாளு ஆத்துப் பக்கம் தலை தெரியக் கூடாது.”

எல்லோரும் ராக்கப்பனைப் பார்த்தார்கள். பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றன. கம்பு அறுக்க இன்னும் நாளிருந்தது.

“மொதலாளி, அன்னைக்குச் சாப்புட வாங்கன்னு உங்களைக் கூப்பிட்டேன்ல?”

“ஆமா, கூப்பிட்ட.”

“அதைத் திருப்பி எடுத்துக்கிடுதேன்.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. சங்கிலிமுத்துவுக்குப் புரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெயச்சந்திரன் சிரிக்கப் பார்த்தார். “தின்னு செரிச்சுப் போச்சேப்பா, இனி எங்கிட்டுத் திருப்பி எடுக்க?”

“சோத்தை யாரு கேட்டா?” என்றாள் வெள்ளைத்தாய். “அது நாய் தின்னாலும் தின்னதுதான். கூப்பிட்டதைத்தான் எடுத்துக்கிடுதாக.”

பிள்ளைகளை முன்னால் விட்டு இருவரும் கரையேறினார்கள்.

ராக்கப்பன் மல்லாங்கிணறு பக்கம் கிணறு வெட்டப் போனான். கூழ் மறுபடி தண்ணீரானது. அந்த வாரம் முழுக்க ஆற்றில் நண்டுகள் யாருக்கும் பயப்படாமல் நடமாடின.

ஞாயிற்றுக்கிழமை கழகத்தார் இலைக்கட்டோடு வந்தார்கள். ராக்கப்பன் மனசு மாறி வந்திருப்பான் என்று தலைவருக்கு நம்பிக்கை. மணல் திட்டில் யாரும் இல்லை. கரை நெடுக, களையெடுத்த ஜனங்கள் மரத்தடிகளில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். கிணற்று வேலை இல்லாததால் ராக்கப்பனும் குடும்பத்தோடு அங்கே இருந்தான்.

தலைவர் முதல் கூட்டத்தின் அருகே போய் நின்றார். அவர்கள் குனிந்து குடித்தார்கள். அடுத்த மரத்துக்குப் போனார். கொஞ்சம் செருமினார். அங்கேயும் சட்டி காலியாகிக்கொண்டிருந்தது. சங்கிலிமுத்து சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மிளகாயைக் கடித்தான். தெருவில் போகும் வளையல்காரனைக்கூட விடாமல் கூப்பிடும் ஊர் அது. சீனிவாசகம் மரத்துக்கு மரம் மெதுவாக நடந்து கடைசியில் ராக்கப்பன் முன்னால் வந்து நின்றார்.

“என்ன சாப்பாடு?” என்றார்.

“கூழு” என்றாள் வெள்ளைத்தாய்.

ராக்கப்பன் வெங்காயத்தைக் கையால் நசுக்கிச் சின்னவளுக்குக் கொடுத்தான். தலைவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காருக்குத் திரும்பினார். அன்று வெடி போட மறந்துவிட்டார்கள்.

கார் பாலத்தைத் தாண்டும்போது அவர் கேட்டார்:

“ஏம்ப்பா ஜெயச்சந்திரா, அவனுக வாங்கன்னு சொல்லியே ஆகணும்னு நம்ம புஸ்தகத்துல ஏதாச்சும் இருக்கா?”

“இல்லே அண்ணாச்சி.”

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடியில் இலைக்கட்டு வாடிக்கொண்டிருந்தது.